நூலக அறையின் பொய் ஜன்னல்

விண்ணப்பம் முழுமையாகப் பெறப்பட்ட நாளிலிருந்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் குழு தன் முடிவைத் தெரிவிக்காவிட்டால், அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். நியூ ஜெர்சியில் பழங்கட்டடங்களைக் காப்பதற்கென்று ஊர்தோறும் அமைத்திருக்கிற குழுக்களுக்கான விதி இது. என் வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். மூலத்தில் இன்னும் நீளம், நடுவே மூச்சு வாங்க ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. நகராட்சிக் கட்டட அலுவலகம் ஒன்றில் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். வயதானால் மற்றவர்களுக்கு ஸ்லோகம் நினைவில் நிற்கும் என்கிறார்கள். எனக்கு விதிகள் நிற்கின்றன. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதுதான் நிற்பதில்லை.

போன வாரம் கறிவேப்பிலை வாங்க ஐசலினுக்குப் போயிருந்தேன். ஓக் ட்ரீ ரோட்டில் புதிதாக ஒரு கடைவரிசை எழும்பியிருக்கிறது. கீழே நகைக்கடை, புடவைக்கடை, சாட் கடை. மேலே மாடி போல உயர்த்திய சுவரில் வரிசையாக ஜன்னல்கள். ஆனால் மாடி கிடையாது. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டம், இரண்டு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கிய பிளாஸ்டிக் கதவுகள். அவற்றுக்குப் பின்னால் அறை இல்லை, ஏசி இயந்திரங்கள்தான் இருக்கும். சாமான்களைக் காரில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். என் இடத்துக்காகக் காத்திருந்த பையன் கண்ணாடியை இறக்கி, "ஆன்ட்டி, கிளம்பறீங்களா, இல்ல இங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்றான். கிளம்பினேன். வீடு வந்து சேரும் வரை ஜெபராஜின் வீடுதான் கண்முன் நின்றது.

பொய் ஜன்னல் என்பது புதிய தந்திரம் அல்ல. சுவரின் ஒரு பக்கம் ஜன்னல் இருந்தால் மறுபக்கமும் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த காலம் ஒன்று இருந்தது. உள்ளே அந்த இடத்தில் புகைபோக்கியோ புத்தக அலமாரியோ வந்துவிட்டால், வெளியே மட்டும் ஜன்னல் அளவுக்குச் சுவரைக் குழித்து, மேலே வளைவு கட்டி, சாத்திய மரக்கதவுகளைப் பொருத்திவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு யாரோ மதியத் தூக்கத்துக்காக ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

இதை நான் முதலில் பார்த்தது ஊட்டியில். கோவையிலிருந்து பொதுப்பணித் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளரை என்ன செய்வதென்று தெரியாமல், பழைய துரை பங்களா ஒன்றை அளந்து வரச்சொல்லி அனுப்பினார்கள். அங்கே ஒரு பக்கச் சுவரில் இரண்டு பொய் ஜன்னல்கள். அலுவலகத்துக்குத் திரும்பி வருடாந்திரப் பராமரிப்பு மதிப்பீட்டைப் பார்த்தால், அந்த இரண்டுக்கும் கண்ணாடி துடைக்கும் வேலை வருடா வருடம் நடந்துகொண்டிருந்தது. உதவிப் பொறியாளரிடம் கேட்டேன். "ஏம்மா, வேலைக்கு வந்து எத்தன நாளாச்சு? அதுக்குள்ள கண்ணாடி இல்லீங்கறே" என்றார். அரசு நடைமுறை பற்றி நான் பெற்ற முதல் பாடம் அது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் அதன் விளக்கவுரைதான்.

ஜெபராஜ் இங்கே நகராட்சி அலுவலகத்தில் என் கவுண்டருக்கு வந்தது, சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. திருநெல்வேலிக்காரர், மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் வேலை. மனைவி எஸ்தர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிஸ்கட்டவே பக்கம் எல்லோரும் புதுக் குடியிருப்புகளில் நான்கு படுக்கையறை வீடுகளாக வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் போய் யாரும் சீந்தாத ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய அனுமதி கேட்டு வந்திருந்தார். அன்று மாலையே நான் போய்ப் பார்த்தேன். அலுவல் நிமித்தம் என்று சொல்லிக்கொண்டேன். ஆசைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து ஸ்லேட் கல் வியாபாரத்தில் பெரிய ஆளான ஒருவர் கட்டியது. நாம் பள்ளிக்கூடத்தில் எழுதித் துடைத்த அதே ஸ்லேட்தான், அங்கே அதைக் கூரைக்கு வேய்வார்கள். அந்த நாட்டில் நிலமும் சுரங்கமும் வைத்திருந்தவர்கள் அப்போது அரண்மனை கட்டுவதை விட்டுவிட்டு, கைக்கு அடக்கமான வில்லாக்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் அப்படி ஒன்றைத் தன் ஊரில் வேலியோரம் நின்று பார்த்திருக்க வேண்டும். இங்கே வந்து அச்சு அசலாகக் கட்டிவிட்டார். தாழ்ந்த சரிவில் ஸ்லேட் கூரை, சுவரைத் தாண்டி ஒரு முழம் நீண்ட விளிம்பு. செங்கல் சுவருக்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதில் கருங்கல் அடுக்கியதுபோல் கோடு கிழித்த பொய். தோட்டத்தைப் பார்த்த முகப்பில் தரை வரை இறங்கும் ஜன்னல்கள், இரும்புக் கம்பி வேலைப்பாட்டுடன் ஒரு தாழ்வாரம். காட்சி கெட்டுவிடக் கூடாதென்று வாசலைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டார்கள். அதனால் முதன்முறை வருகிற எல்லோரும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஃபோன் செய்வார்கள்.

உள்ளே போனதும் வட்டமான கூடம். உச்சியில் கண்ணாடிக் கூண்டு, அதிலிருந்து விழும் வெளிச்சம். சுவரோடு சுற்றி ஏறும் கற்படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு முனை சுவருக்குள், மறுமுனை அந்தரத்தில். அறைக் கதவுகள்கூட அந்த வட்டத்துக்கு ஏற்றபடி வளைத்துச் செய்தவை, ஒடுக்கமானவை. ஈரச் சுண்ணாம்பும் பழைய மரமும் நனைந்த கம்பளியும் கலந்த ஒரு வாசனை.

"எப்படி இருக்குக்கா?" என்றார் ஜெபராஜ், தானே கட்டியவர் போல. "வெள்ளக்காரன் எங்கூருக்கு வந்து கோயில் கெட்டுனான். நான் இங்க வந்து அவன் வீட்ட வாங்கிட்டேன். கணக்கு நேராயிட்டு." சர்ச்சைத்தான் கோயில் என்பார்கள் அவர்கள் ஊரில்.

"அவன் கெட்டுன கோயிலு ஒழுகல" என்றாள் எஸ்தர்.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சபைக்காரர்கள் எல்லாம் அந்தப் படிகளில் வரிசையாக நின்று பாடுவார்கள். பாட்டு மேலே போய்க் கண்ணாடிக் கூண்டைத் தொட்டுவிட்டு அரை நொடி கழித்து இறங்கி வரும். ராகம் தப்பினாலும் தெரியாது. நான் சாமி கும்பிடாதவள், ஆனால் அந்த வட்டத்தின் நடுவில் கேக்கும் முறுக்குமாக நின்ற சில டிசம்பர்கள் என் வாழ்க்கையின் நல்ல கணக்கில் சேரும்.

அப்புறம் ஜெபராஜின் கால் தடுக்க ஆரம்பித்தது. முதலில் படி வழுக்குகிறது என்றார். செருப்பை மாற்றினார். டாக்டர்கள் ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சியது ஏ.எல்.எஸ். நரம்பு தளர்ந்து தசைகள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும் நோய். புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். புள்ளியியல்காரர் ஆயிற்றே, தன் எண்களைத் தானே பார்த்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை.

படுக்கையைக் கீழே இருந்த நூலக அறைக்கு இறக்கினார்கள். மோட்டார் வைத்த சக்கர நாற்காலி பாகம் பாகமாக வந்தது, அறைக்குள் வைத்துத்தான் பூட்டினார்கள். வலதுகைப் பெருவிரலால் ஒரு குமிழைத் தள்ளினால் போகும். ஆனால் எங்கே போவது? அறைக்கதவு வளைந்த கதவு, நாற்காலி நுழையாது. கதவை அகலப்படுத்தலாம் என்றார் ஒப்பந்தக்காரர். நான்தான் தடுத்தேன். அந்த வட்டச் சுவர்தான் கற்படிகள் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதில் கைவைத்தால் படி ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். கதவைத் தாண்டினாலும் வாசலில் ஐந்தாறு படிகள் வேறு. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையிலிருந்து நான்கு ஆண்கள் வந்து அவரைச் சாதாரண நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"ஆளுக்கொரு மூலையா பிடிக்கானுவ, பாத்தீங்களா?" என்பார். "ரிகர்சல்க்கா. நல்லாவே செய்யுறானுவ."

சிரிப்போம். வேறு என்ன செய்ய?

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாரும் தூக்காமல், தன் விரலால் குமிழைத் தள்ளி, தானாக வெளியே போக வேண்டும். தோட்டத்தின் கோடி வரை போய்த் திரும்பி நின்று தன் வீட்டு முகப்பைப் பார்க்க வேண்டும். விரல் இருக்கும்போதே. எத்தனை மாதம் இருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. எஸ்தர் தினமும் காலையில் அந்தப் பெருவிரலைப் பிடித்துப் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

வழி இருந்தது. நூலக அறையின் வெளிச்சுவரில், அலமாரிக்குப் பின்னால், ஒரு பொய் ஜன்னல். மேலே வளைவு ஏற்கெனவே இருக்கிறது, பாரம் தாங்கும். குழித்த இடத்தில் சுவரும் மெல்லியது. அந்தப் பக்கம் நிலம் சற்று மேடு, தரைமட்டத்துக்கு வந்துவிடும். மரக்கதவுகளை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் சுவரை மட்டும் எடுத்தால், வெளியிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது. கட்டியவர் இவருக்காகவே விட்டுவைத்த வாசல் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் பழங்கட்டடப் பட்டியலில் இடம் இருந்ததால் வெளிப்புறத்தைத் தொடக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை நானே எழுதினேன். அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது இடுப்புவலிக்கு நல்லதில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

குழுவின் செயலாளர் நல்ல பெண்மணி. மேஜையில் நாய்க்குட்டி படம் போட்ட காபிக் கோப்பை. முதல் கடிதத்தில், மாற்றப்படவிருக்கும் ஜன்னலை உள்ளிருந்து எடுத்த புகைப்படம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அலமாரியைப் படம் எடுத்து அனுப்பினோம். அடுத்து, கண்ணாடியின் தற்போதைய நிலை என்ன என்று கேட்டார். எனக்கு ஊட்டி உதவிப் பொறியாளர் கோட் போட்டுக்கொண்டு வந்து நின்றதுபோல் இருந்தது. நேரில் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, விண்ணப்பம் முழுமையானது என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து கெடு ஓட வேண்டும். ஓடியது. குழுவில் இரண்டு பேர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டதால் கூட்டம் நடத்த ஆள் போதவில்லை. கூட்டம் இல்லை, முடிவும் இல்லை, பதிலும் இல்லை. கெடு முடிந்தது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். விதியை அச்செடுத்து, மஞ்சள் மை பூசி எடுத்துக்கொண்டு போனேன்.

"ஜெபராஜ், கெடு தாண்டிருச்சுங்க. இனி அவங்க பதில் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். அப்ரூவ் ஆன மாதிரி. கெடு முடிஞ்சும் பதில் வரலைன்னு ஒரு அஃபிடவிட்ல கையெழுத்துப் போடுங்க, பெர்மிட் குடுத்துருவாங்க."

"ஆன மாதிரிதான. ஆவலயே."

"சட்டத்துல ரெண்டும் ஒண்ணுங்க."

"அக்கா, நீங்க கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க. இந்தப் பக்கத்துல மாதிரின்னு ஒண்ணு கெடயாது. பேப்பர் இருக்கும், இல்லன்னா இருக்காது."

"ஆமா, பேப்பர் வந்து உங்கள உருட்டிக்கிட்டு வெளிய கூட்டிட்டுப் போவும்" என்றாள் எஸ்தர்.

"சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வரப்போவுது. எப்பவாச்சும் சைட்டேஷன், ஃபைன் ஏதும் வாங்கிருக்கியான்னு கேப்பான். ஆமா சார், பெர்மிஷன் இல்லாம ஜன்னல ஒடச்சேன்னு சொல்லவா?"

"அது ஜன்னலே இல்லியே!"

"அத அவன்கிட்ட நீ வெளக்கு. அந்த ஆபீஸ் அம்மாகிட்ட அக்கா வெளக்குனாவளே, எவ்வளவு நாளாச்சு?"

டெக்சாஸிலிருந்து மகள் ஷெரின் ஸ்பீக்கர் ஃபோனில் இருந்தாள். "டாட், ஜஸ்ட் டூ இட். வாட்ஸ் த வொர்ஸ்ட் தட் கேன் ஹேப்பன்?"

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். "இவ இங்க பொறந்தவ. இவளுக்கு வொர்ஸ்ட் தெரியாது."

அவரைப் பிடிவாதக்காரர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்களில் அவருடைய அப்பா இறந்துபோனார். இவர் பயண அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தார். கம்ப்யூட்டரில் 'அப்ரூவ்டு' என்று காட்டிவிட்டது, காகிதம் தபாலில் வரவில்லை. அதற்கு முந்தின வருடம் அவருடைய சிநேகிதர் ஒருவர் கம்ப்யூட்டரை நம்பி ஊருக்குப் போய், திரும்ப முடியாமல், குடும்பம் இங்கேயும் தான் அங்கேயுமாகக் கிடந்தார். ஜெபராஜ் போகவில்லை. அடக்கத்தை ஃபோனில் பார்த்தார். காகிதம் பிறகு வந்தது. அப்பாவின் அடக்கத்துக்குக் காகிதம் இல்லாமல் போகாதவர், தோட்டத்துக்குக் காகிதம் இல்லாமல் போவாரா? சாகப்போகிறவருக்கு எதற்குக் குடியுரிமை என்றும் கேட்கலாம். நானே நாசூக்காகக் கேட்டேன். "இத்தன வருசம் லைன்ல நின்னுட்டு, கவுண்டர் பக்கத்துல வந்து லைன விட்டுட்டுப் போவ முடியுமாக்கா?" என்றார். நம் ஆட்கள் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் அன்று சாயங்காலமே சுத்தியலை எடுத்திருப்பார்.

செயலாளருக்கு வாரம் தவறாமல் மின்னஞ்சல் அனுப்பினேன். பொறுமைக்கு நன்றி என்று பதில் வரும். என்னிடம் அது இருந்ததில்லை.

ஒப்பந்தக்காரர் அலமாரியை அகற்றிவிட்டு, கதவு வரவேண்டிய அளவுக்கு உள்சுவரில் நீலநிற டேப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த நீலச் செவ்வகத்தைப் பார்த்தபடிதான் ஜெபராஜின் நாற்காலி நிற்கும். நான் போகும்போதெல்லாம், "பாருங்க" என்று சொல்லி, குமிழைத் தள்ளி, சுவர் வரை நேராகப் போவார். செவ்வகத்துக்குள் மூக்கு முட்டும் தூரத்தில் நிறுத்துவார். பிறகு பின்னால் வருவார். சக்கரம் டேப்பின் இரண்டு கோட்டையும் தொடாமல் போக வேண்டும் என்று அவரே ஒரு விதி வைத்திருந்தார். "கதவு வந்த அன்னிக்கே ஓட்டணும்லா, ப்ராக்டீஸ்" என்பார். தரையில் இரண்டு தடம் விழுந்துவிட்டது. நல்ல ஓக் மரத் தரை.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் எஸ்தர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தபோது நாற்காலி சுவரை ஒட்டி நின்றது. முன்னால் தள்ளிய விரலால் பின்னால் இழுக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவர் சொல்லவில்லை. கூப்பிடும் குரலும் அதற்குள் மெலிந்துவிட்டிருந்தது. எஸ்தர் என்னை அழைத்தாள். நான் போனபோது சமையலறையிலிருந்து ஒரு சுத்தியலோடு வந்து, டேப்புக்கு நடுவே ஓங்கி ஒரு போடு போட்டாள். பூச்சு உதிர்ந்தது, செங்கல் தெரிந்தது. இன்னொன்று போட்டாள்.

"எஸ்தர்" என்றார் ஜெபராஜ். "வேண்டாம்ளா. இனிமே எதுக்கு?"

அவள் சுத்தியலை ஜன்னல் திண்டில், நிஜ ஜன்னலின் திண்டில், வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சுண்ணாம்பைக் கையால் கூட்டினாள். நான் விதிகள் தெரிந்தவள். முறம் எடுத்து வந்து அவளருகில் உட்கார்ந்தேன்.

ஜனவரியில் நிமோனியா வந்தது. மருத்துவமனை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருந்ததால் நூலக அறையிலேயே போனார். எடுத்துப்போக வந்தவர்களின் ஸ்ட்ரெச்சர் வளைந்த கதவில் திரும்பவில்லை. பல விதமாகப் பார்த்துவிட்டு, பலகையில் வைத்துக் கட்டி நிமிர்த்தினார்கள். வட்டக் கூடத்தில், கூண்டு வெளிச்சத்தின் கீழே ஒரு நிமிடம் அப்படி நிறுத்தினார்கள், பிடியை மாற்றிக்கொள்ள.

"பாருங்க அக்கா," என்றாள் எஸ்தர் என் காதருகில், "நின்னுக்கிட்டே போறாவ."

வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு, டெக்சாஸில் மகள் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்குப் போய்விட்டாள். புதிய வீட்டைப் பற்றிக் கேட்டால், "கதவெல்லாம் அகலம்க்கா" என்பாள், அதோடு பேச்சை மாற்றிவிடுவாள். வாங்கியவர் மனை வியாபாரி. கூரை ஒழுகலை அடைக்காமல் ஒரு குளிர்காலம் முழுக்க விட்டுவைத்தார். அந்தரத்தில் நின்ற படிகள் ஆபத்தானவை என்று ஒரு பொறியாளரிடம் சான்று வாங்கினார். இடிக்க அனுமதி கேட்ட விண்ணப்பத்துக்குக் குழு ஒரே கூட்டத்தில் முடிவு சொன்னது, கெடுவுக்கு வெகு முன்னால். இதற்குள் புதிய உறுப்பினர்கள் சேர்ந்து கூட்டத்துக்கு ஆள் போதுமானதாகிவிட்டிருந்தது. ஸ்லேட்டுகளைப் பெயர்த்துத் தனியாக விற்றார்கள். கண்ணாடிக் கூண்டை எடுக்கும்போது அது நொறுங்கிவிட்டது. இப்போது அங்கே டவுன்ஹவுஸ்கள், நுழைவாயிலில் 'மேனர்' என்று பித்தளை எழுத்து. பாட்டு மேலே போய்த் திரும்பி வந்த அந்த அரை நொடி இருந்த இடத்தில் குப்பைத் தொட்டிகள் வைக்கும் கூண்டு.

இடிப்பதற்கு ஒரு கோப்பு, எங்கள் கதவுக்கு ஒரு கோப்பு. இரண்டும் ஒரே அறையில் இரண்டு அலமாரிகளில் இருந்திருக்கும், ஒன்றையொன்று விசாரித்திருக்காது. நாய்க்குட்டிக் கோப்பைப் பெண்மணியும் ஓய்வு பெற்றார். புதிதாக வந்த செயலாளர் சுறுசுறுப்பானவர் போல, நிலுவையில் கிடந்த விண்ணப்பங்களையெல்லாம் தீர்க்க ஆரம்பித்தார்.

ஃபிரிஸ்கோவிலிருந்து எஸ்தர் அழைத்தாள். நியூ ஜெர்சி முகவரியை அடித்து, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"அப்ரூவ் பண்ணிட்டானுவக்கா" என்றாள். "அவங்க பேரு போட்டு, முத்திர குத்தி, கையெழுத்தெல்லாம் போட்டு. பேப்பருன்னா இதுதான்."

பின்னால் ஷெரின், "மாம், ஆர் யூ ஓகே?" என்று கேட்பது கேட்டது.

இந்த மாதிரி நேரங்களில் நான் நடைமுறைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேட்டேன். சொன்னாள். அது கணக்கில்லை, கைக்குக் கிடைத்த நாள்தான் கணக்கு, அதை உறையின் மேல் எழுதி வை என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பேனா தேடும் சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னாள்.

ஜூன் மூணு, செவ்வாய்க்கிழமை.